தீவின் பின்கட்டு

பினாங்கைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. தீவு என்று நம்பிப் போனோம், கடல் கலங்கிக் கிடக்கிறது, குளிக்கக்கூட முடியவில்லை, ஏமாந்தோம் என்பது முதலாவது. அதற்கு மறுமொழியாக வருவது இரண்டாவது: நீங்கள் பார்த்தது பினாங்கே அல்ல, மலையைத் தாண்டிப் பாலிக் புலாவ் போயிருக்க வேண்டும், உண்மையான தீவு அங்கேதான் இருக்கிறது. முதலாவது பெரும்பாலும் வெளியூர்க்காரர் வாயிலிருந்தும் இரண்டாவது உள்ளூர்க்காரர் வாயிலிருந்தும் வரும். 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் பறக்கத் தொடங்கியது. அதன் பிறகு தமிழ்நாட்டு வீடுகளிலும் இந்த இரண்டு பேச்சும் கேட்கிறது. நிறுத்துப் பார்த்தால் முதலாவது சரி, இரண்டாவது பாதி சரி என்பது என் கணக்கு. எந்தப் பாதி என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

தீவின் பரப்பு சுமார் 295 சதுர கிலோமீட்டர். நடுவில் முதுகெலும்பாக மலைத்தொடர். அதன் உச்சிப் பகுதி 830 மீட்டரைத் தாண்டும். பினாங்குத் தமிழர் கொடிமலை என்பது அந்தத் தொடரில்தான். கிழக்கே ஜார்ஜ்டவுனும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும், மேற்கே பாலிக் புலாவும் அதைச் சுற்றிய கம்பங்களும், அதாவது கிராமங்களும். பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று இருக்குமே, அந்த அமைப்புதான். வந்த விருந்தாளி முன்கட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவார். அடுப்பும் கிணறும் பின்கட்டில்.

முதலில் கடல். பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள நீரிணை குறுகலானது, ஆழமற்றது. எதிர்க்கரையில் முடா, பிறை ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அலை அடித்துக் கழுவிக்கொண்டு போகவும் வழியில்லை. இப்படிப்பட்ட நீர் நீலமாக இருக்க முடியாது. வடகரையில் பத்து ஃபெரிங்கியில் 1973இல் ராசா சாயாங் விடுதி திறந்ததிலிருந்து ‘கடற்கரைத் தீவு’ என்ற சரக்கைப் பினாங்கு விற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே மணல் உண்டு, ஆனால் தண்ணீர் பழுப்பு. நுங்கு மீன் என்று நம்மவர் சொல்லும் ஜெல்லிமீன்கள் வரும் காலங்களும் உண்டு. அவற்றில் சில உயிருக்கே ஆபத்தானவை. ஆகவே ஏமாந்தவர்களைப் பார்த்து ‘எதிர்பார்ப்பு உங்கள் குற்றம்’ என்று சொல்வது நியாயமில்லை. கீழைநாட்டின் முத்து என்று பெயர் சூட்டி, தென்னை மரமும் நீலக் கடலும் அச்சடித்துக் கொடுத்தது யார்? நீலம்தான் வேண்டும் என்றால் வடக்கே லங்காவி இருக்கிறது.

மேற்குக் கரைக்குப் போனால் கடல் மாறுமா? அந்தக் குறுகிய நீரிணையை விட்டு விலகி மலாக்கா நீரிணையின் அகன்ற வாயைப் பார்த்த கரை அது. சூரியன் கடலில் இறங்குவதை அங்கே பார்க்கலாம். ஜார்ஜ்டவுன் பக்கம் அது வாய்க்காது. ஆனால் கரையின் பெரும்பகுதி சேறும் சதுப்புநிலக் காடும். குவாலா சுங்கை பினாங், புலாவ் பெத்தோங் ஆகிய மீனவக் கம்பங்களில் படகுகள் ஆற்று வாயில் கட்டிக் கிடக்கும்; நீர் வற்றினால் நண்டு ஓடும் சேற்றுவெளி தெரியும். பாசிர் பாஞ்சாங் போன்ற சில இடங்களில் நல்ல மணல் இருக்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நேராக வந்து மோதிய கரையும் இதுதான். அன்று மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள். நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் திறந்த கடலைப் பார்த்த கரை என்ன விலை கேட்கும் என்று அது சொல்கிறது. கடல் என்ற அளவுகோலில் பாலிக் புலாவ் தேறாது. முன்கட்டின் ஏமாற்றத்துக்குப் பின்கட்டில் மருந்து இல்லை.

அடுத்து, ‘கைபடாத இயற்கை’ என்ற விளம்பரம். இது பொய் என்றே சொல்லிவிடலாம். மலைமேல் பழங்காடு மிச்சம் இருக்கிறது, உண்மைதான். 2021இல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டதும் அதற்காகத்தான். ஆனால் பாலிக் புலாவின் சரிவுகளிலும் சமவெளியிலும் கண்ணில் படும் ஒவ்வொரு பச்சையும் யாரோ நட்டது. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்ட பிறகு, டச்சுக்காரரின் வாசனைப்பொருள் ஏகபோகத்தை உடைப்பதே கம்பெனியின் கனவாக இருந்தது. 1796இல் மொலுக்கத் தீவுகள் ஆங்கிலேயர் கையில் சிக்கியதும் கிறிஸ்டோஃபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் அங்கிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பினார். பினாங்கு அவற்றுக்கு ஒரு நாற்றங்கால். கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் அதே கம்பெனி குற்றாலத்திலும் வாசனைத் தோட்டம் போட்டு அதே இரண்டு பயிர்களையும் வளர்த்துப் பார்த்தது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பும் பாலிக் புலாவ்க் கிராம்பும் ஒரே பேராசையின் இரண்டு கிளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

1860 வாக்கில் நோய் விழுந்து பினாங்கின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. கிராம்பும் ரப்பரும் பழமரங்களும் அந்த இடத்துக்கு வந்தன. அதற்கு முன்பே, 1821இல் சயாம் கெடாவைத் தாக்கியபோது அங்கிருந்து தப்பி வந்த மலாய் மக்கள் பலர் இந்தப் பக்கம் குடியேறி நெல் விதைத்திருந்தார்கள். சுங்கை பூரோங்கில் இன்றும் வயல் இருக்கிறது. மலைச்சரிவில் ஹக்கா சீனர்கள் தோட்டம் போட்டார்கள். ஊர் நடுவே வட்டச்சந்தியில் நிற்கும் நீரூற்று 1882இல் கோ சியாங் தாட் என்ற பினாங்கு வணிகர் கொடுத்தது. நீரூற்று வைத்துக் கொடுக்கிற அளவுக்கு அன்றே காசு புரண்ட சந்தை ஊர் இது. அகதியும் வியாபாரியும் கூலியும் சேர்ந்து இருநூறு ஆண்டாகச் செய்த நிலக்காட்சியைக் ‘கைபடாதது’ என்று புகழ்வது, செய்த கைகளை அழிப்பது.  

இதுவரை இரண்டு அளவுகோலிலும் தோல்வி. பிறகு எதற்காக அந்தப் பாதி மதிப்பெண்?

டுரியானுக்காக. இதைச் சொன்னவுடன் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள், அந்த நாற்றத்துக்கா என்று. பழத்தின் சுவைக்கு நான் வாதாட வரவில்லை. அது அவரவர் நாக்கு. ஒரு ஊருக்குப் போகத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை ஒன்று உண்டு: அங்கே கிடைப்பது நம் ஊர்க் கடைக்கு வருமா, வராதா? ஜாதிக்காய்ச் சாறும் ஊறுகாயும் தைலமும் பாலிக் புலாவில் செய்கிறார்கள். அவை ஜார்ஜ்டவுனில் எந்த நினைவுப்பொருள் கடையிலும் கிடைக்கின்றன. கிராம்பு உலகம் சுற்றிய சரக்கு. ஆனால் மலேசியர்கள் டுரியானை மரத்திலிருந்து வெட்டுவதில்லை. தாய்லாந்தில் காம்போடு அறுத்து, வழியில் பழுக்கவிட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கே பழம் தானாக விழும்வரை காத்திருக்கிறார்கள். சரிவான தோட்டங்களில் மரத்தடியில் வலை கட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். விழுகிற காய் உருண்டோடிப் பிளக்காமல் இருக்க. பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் விழும். விழுந்த நேரத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில் இருக்கும் சுவை மறுநாள் இல்லை. ஓரிரு நாளில் ஓடு வெடித்துச் சுளை புளிக்கத் தொடங்கும். சீனா 2019இல் மலேசியாவின் உறைந்த முழுப்பழத்துக்கும் 2024இல் உறையவைக்காத புதுப்பழத்துக்கும் கதவு திறந்தது. அதில் பெருவாரியாகப் போவது பகாங் போன்ற இடங்களின் மூசாங் கிங் வகை. பினாங்கின் பழைய வகைகள் அந்த ஏற்றுமதிக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

அந்த வகைகளின் பெயர்களே தனி: ஆங் ஹே, அதாவது சிவப்பு இறால், சுளை செம்மஞ்சள். ஹோர் லோர், சுரைக்குடுக்கை வடிவம். குன் போ, ஒட்டுக்கட்டி வளர்த்தவரின் பெயர். தோட்டக்காரர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: பல பத்தாண்டு வயதான மரத்தின் பழத்தில் இனிப்போடு கசப்பும் நாக்கில் ஒரு மரத்துப்போதலும் இருக்கும், இளம் மரத்தில் அது வராது என்று. வியாபாரப் பேச்சு என்று நானும் முதலில் ஒதுக்கியதுண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றால் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது, வயதுதான் காரணமா என்பதை விடுங்கள். ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் வெவ்வேறு மரத்தின் பழங்களை வரிசையாக உடைத்துத் தின்னும் அனுபவம் கோலாலம்பூர்ச் சாலையோரத்தில் கிடைக்காது, சென்னையில் கிடைக்கவே கிடைக்காது. சோதனையில் பாலிக் புலாவ் தேறுவது இந்த ஒரு இடத்தில்தான், ஆனால் முதல் வகுப்பில் தேறுகிறது.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. டுரியான் பூ இரவில் மலரும். அதற்கு மகரந்தம் சேர்ப்பது முக்கியமாகத் தேனுண்ணும் வௌவால்கள். டுரியான் வருடம் முழுதும் பூப்பதில்லை. பூக்காத மாதங்களில் இந்த வௌவால்கள் வேறு பூக்களைத் தேடி வெகுதூரம் பறக்கும். அவற்றுள் முக்கியமானவை சதுப்புநிலக் காட்டில் வளரும் பெரெம்பாங் வகை மரங்களின் பூக்கள். அதாவது பயணி பார்த்து மூக்கைச் சுளிக்கும் சேற்றுக் கரைக்கும், பயணி தேடி வரவேண்டிய மலைத்தோட்டத்துக்கும் இடையே இரவில் போக்குவரத்து நடக்கிறது. சேற்றை மண் கொட்டி மூடி வெண்மணல் பரப்பினால் புகைப்படம் அழகாக வரும். மரத்தில் காய் குறையலாம். கடலில் விழுந்த மதிப்பெண்ணையும் தோட்டத்தில் வாங்கிய மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் போட்டதே என் அளவுகோலின் குறை என்று இதைப் பார்த்து யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

லக்சா என்ற நூடுல்ஸ் உணவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பினாங்குக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 2011இல் சி.என்.என். வெளியிட்ட உலகச் சிறந்த உணவுப் பட்டியலில் பினாங்கு அசாம் லக்சா ஏழாவது இடம் பிடித்தது. கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்த புளிக்குழம்பு, மேலே அன்னாசி, வெள்ளரி, புதினா, இஞ்சிப்பூ மொட்டு, கடைசியில் கறுத்த இறால் விழுது ஒரு கரண்டி. பாலிக் புலாவின் தனித்தன்மை, அதே கடையில் தேங்காய்ப்பால் சேர்த்த லெமாக் வகையும் கிடைப்பது. கடைத்தெருவில் ‘நான் குவாங்’ என்ற கோப்பிக் கடை அதற்குப் பேர்போனது. நல்ல லக்சாதான். ஆனால் ஆயர் ஈத்தாமில் கிடைப்பதைவிட மலையேறி வந்து சாப்பிடும் அளவுக்கு மேலா? இல்லை. வந்த வேலையோடு வேலையாகச் சாப்பிட வேண்டியது, அதற்காகவே வர வேண்டியதில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இறால் விழுது தொடாத பண்டத்தைப் பாலிக் புலாவில் கண்டுபிடிப்பது சிரமம். பழத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இனி எனக்குச் சற்றுக் கோபம் வரும் பகுதி. 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் ஜார்ஜ்டவுன் சுவர்களில் ஓவியம் தீட்டியதும் கூட்டம் அலைமோதியது. சில ஆண்டுகளில் பாலிக் புலாவ்ச் சுவர்களிலும் ஜூலியா வோல்ச்கோவாவின் பெரிய ஓவியங்கள் வந்தன. ஓவியங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வந்தவைதான் தொந்தரவு: ஆட்டுப்பண்ணை, குதிரை லாயம், நெல்வயல் நடுவே படம் எடுக்க மரப்பலகை மேடை, மூங்கில் ஊஞ்சல். வயலுக்கு அருகே இருந்துகொண்டு நெல் எந்த மாதம் அறுப்பார்கள் என்று கேட்காமல் திரும்பிப் போகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. முன்கட்டின் பொய்க் கடற்கரைக்குப் பதிலாகப் பின்கட்டில் பொய்க் கிராமம். இதில் நாள் கழிப்பதானால் கேமரன் மலைக்கே போகலாம், குளிராவது கிடைக்கும்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து பேருந்து உண்டு. விமான நிலையம் வழியாகச் சுற்றி வரும், நேரம் பிடிக்கும். தோட்டங்கள் மலைச்சரிவில் சிதறிக் கிடப்பதால் வாடகைக் கார் இல்லாமல் வேலையாகாது. தெலுக் பாஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக வளைந்து வரும் சாலை அழகானது. வயிறு பிரட்டுபவர்கள் முன்னால் உட்காரவும்.

தமிழர் என்ற முறையில் ஒரு வார்த்தை. எங்கே போனாலும் நம் சுவடு தேடுவது நமக்குப் பழகிவிட்டது. பினாங்கில் அதற்குப் பஞ்சமில்லை: குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை. தீவின் பழைய சாலைகள் பலவற்றைப் போட்டவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. ஆனால் இவையெல்லாம் முக்கியமாகக் கிழக்குப் பக்கத்துக் கதைகள். பாலிக் புலாவின் முகம் மலாய், ஹக்கா முகம். அங்கே போய் ஒரு தமிழ்ப் பலகை தேடிக் கிடைக்காமல் வருந்துவதைவிட, மற்றவர் உழைப்பின் ஊரை மற்றவர் ஊராகவே பார்த்துவிட்டு வருவது மரியாதை.

இனி இரண்டாம் தீர்ப்பின் மிச்சப் பாதி. ‘உண்மையான தீவு அங்கே இருக்கிறது’ என்கிறவர்கள் பெரும்பாலும் ‘அது அப்படியே இருக்க வேண்டும்’ என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இங்கேதான் நான் அவர்களை விட்டுப் பிரிகிறேன். 1969இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையில்லாமல் தவித்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்ததால்தான் தீவு நிமிர்ந்தது. பின்கட்டின் பிள்ளைகளும் அந்தத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியவர்கள்தான். அவர்கள் மரவீட்டிலேயே இருந்து நமக்குக் காட்சி கொடுக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. சாலை வேண்டாம், அடுக்ககம் வேண்டாம் என்ற வாதம் பயணியின் கண்ணுக்காகச் சொல்லப்பட்டால் எனக்கு அதில் மதிப்பில்லை.

ஆனால் வேறொரு வாதம் இருக்கிறது, அதற்கு எடை உண்டு. பாலிக் புலாவ் இருக்கும் இதே தென்மேற்கு மாவட்டத்தின் தெற்குக் கரையில், பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் பக்கம், கடலை நிரப்பி மூன்று செயற்கைத் தீவுகள் அமைக்க மாநில அரசு திட்டமிட்டது. மொத்தம் 4,500 ஏக்கர். மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021இல் மேல்முறையீட்டு வாரியம் சுற்றுச்சூழல் ஒப்புதலையே ரத்து செய்தது. பிறகு புதிய ஒப்புதல் வந்து, 2023இல் திட்டம் சுமார் 2,300 ஏக்கரில் ஒரே தீவாகச் சுருங்கி, ‘சிலிக்கான் தீவு’ என்ற பெயரில் வேலை தொடங்கிவிட்டது. தீவு தேடி வந்தவன் ஏமாறும் தீவின் பக்கத்தில், கொட்டிச் செய்த இன்னொரு தீவு. மீனவரின் வாதம் அழகைப் பற்றியது அல்ல. இறால் எங்கே முட்டையிடும், வலை எங்கே விரிப்பது, இழப்பீட்டுப் பணம் எத்தனை வருடத்துக்குக் காணும் என்பவை அவர்கள் கேள்விகள். வேலைவாய்ப்பு என்ற அரசின் பதிலும் வெறும் பேச்சு அல்ல. தொழிற்பேட்டையின் வரலாறு அதற்குச் சாட்சி. ஆனால் 1972இல் நிலம் இருந்தது. இன்று எடுக்கப்படுவது ஏற்கெனவே ஒருவர் உழைத்துக்கொண்டிருக்கும் கடல். இரண்டும் ஒன்றல்ல. இந்த வழக்கில் நான் மீனவர் பக்கம்.

பயணிக்கான தீர்ப்பு இவ்வளவு சிக்கலாக இல்லை. சென்னையிலிருந்து நான்கைந்து நாளுக்குக் குடும்பத்தோடு வருகிறவர் கடலை நினைத்து வருவதானால் பினாங்குக்கு வர வேண்டாம், பாலிக் புலாவுக்கு நிச்சயம் வேண்டாம். ஜார்ஜ்டவுனின் தெருக்களுக்காக வருகிறவர் ஜூன், ஜூலையில் வந்தால் ஒரு முழு நாளைப் பாலிக் புலாவுக்கு ஒதுக்கலாம். காலையிலேயே போய்விட வேண்டும், மதியத்துக்கு மேல் நல்ல பழம் தீர்ந்துவிடும். மழை பிந்தினாலோ பூ உதிர்ந்தாலோ பருவம் தள்ளிப்போகும், ஆகவே புறப்படும் முன் தோட்டத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பருவம் இல்லாதபோது வருகிறவருக்கு அந்த நாள் வீண், ஜார்ஜ்டவுனிலேயே இருந்துவிடலாம். டுரியான் வாசனை ஆகாதவருக்கு எந்த மாதமும் ஒன்றுதான், அவர் கொடிமலைக்குப் போகட்டும். தின்றுவிட்டு வருகிறவர்கள் பழத்தை விடுதிக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அபராதம் போடுவார்கள்.